புள்ளி அஞ்சும் ஒரு மூக்குக்கண்ணாடியும்

உலகத்தில் எந்த டாக்டரின் கையையும் நம்பாமல், அந்த டாக்டர்களில் ஒருவரைக்கூடக் கண்ணால் பார்க்காமலேயே நம்பாமல், அதற்கு மாதச் சம்பளமும் வாங்கிக்கொண்டிருக்கும் ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் புள்ளி அஞ்சு அண்ணன்தான். இந்தப் பட்டத்துக்கு வேறு யாராவது போட்டிக்கு வந்தால் வரட்டும். நான் நடுவராக உட்காரத் தயார். எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்வேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில், கீழே டைல்ஸ் கடையும் மேலே நாங்களுமாக ஒரு கட்டடம். ஜன்னலைத் திறந்தால் யானைமலை தெரியும். ஏசி ஓடுவதால் ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. அங்கே உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவில் யாருக்கு என்ன நோய் வந்தது, அதற்கு என்ன வைத்தியம் நடந்தது என்று அந்த ஊர் டாக்டர்கள் எழுதி அனுப்புவதைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரர்கள் காசை அவிழ்ப்பார்கள். இதற்கு மெடிக்கல் கோடிங் என்று பெயர். என் மாமனார் இன்னமும் நான் கம்ப்யூட்டர் கோடிங் செய்வதாகத்தான் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை.

நோய்களுக்கு மட்டும் எண் இருந்தால் பரவாயில்லை. கிளி கடித்தால் ஓர் எண், ஆமை கடித்தால் வேறோர் எண். விமான இன்ஜின் ஆளை உள்ளே இழுத்துக்கொண்டால் அதற்கும் ஓர் எண் தயாராக இருக்கிறது. இந்தப் பெரிய கூட்டத்தின் ஒரு மூலையில், வைத்தியம் பார்க்கும்போது கிருமி நீக்கும் ஒழுங்கு தவறிப்போனதற்கென்று ஒரு குடும்பம் உண்டு. ஒய் அறுபத்திரண்டு என்பது குடும்பப் பெயர். டயாலிசிஸில் தவறினால் புள்ளி இரண்டு, ஊசி போடும்போது தவறினால் புள்ளி மூன்று, இப்படிப் போகும். இதயத்துக்குக் குழாய் விடும்போது தவறினால் புள்ளி ஐந்து.

அண்ணன் இருப்பது இதயப் பிரிவில். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அமெரிக்க இதயங்களுக்குள் குழாய் போய்க்கொண்டே இருக்கும். அவர் வாழ்க்கையின் ஒரே லட்சியம், ஒரு தடவையாவது அந்தப் புள்ளி ஐந்தைப் போட்டுவிட வேண்டும் என்பது. ஆனால் அதற்கு டாக்டர் தன் கையால் அதை எழுதியிருக்க வேண்டும். 'இன்று என் கை சுத்தமாக இல்லை, அப்படியே உள்ளே போய்விட்டேன்' என்று எந்த ஊரில் எந்த டாக்டர் எழுதுவார்? எல்லாரும் ஒரே வரியைத்தான் எழுதுவார்கள். 'வழக்கமான முறையில் கிருமி நீக்கித் துணி போர்த்தப்பட்டது.' அவ்வளவுதான். பாஸ்டனில் இருப்பவரும் அதே, டெக்சாஸில் இருப்பவரும் அதே. ஒருவர் எழுதியதை மற்றவர் வெட்டி ஒட்டிக்கொள்கிறார்கள் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

"வழக்கமான முறைன்னா எந்த வழக்கம் மாப்ள?" என்று என்னிடம் கேட்பார். "எங்க பெரியப்பா வழக்கமா ராத்திரி குடிச்சுப்புட்டு வந்து அடுத்த வீட்டுக் கதவத் தட்டுவாரு. அதுவும் வழக்கம்தான?"

"அண்ணே, அது ஒரு பேச்சுக்கு எழுதுறதுண்ணே."

"இதயத்துக்குள்ள போறவன் பேச்சுக்கு எழுதலாமா?"

இவ்வளவு கேட்டதும் வாசகர்கள் அண்ணனைப் பரம சுத்தக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் மாடியிலேயே அழுக்கான மேசை அவருடையது. அவருடைய கீபோர்டைக் கவிழ்த்தால் ஒரு குடும்பத்து எறும்புகள் ஒரு மாதம் சாப்பிடும். முறுக்குத் தூள், மிக்சர், எப்போதோ விழுந்த கறிவேப்பிலை எல்லாம் அதில் குடியிருந்தன. சாப்பிட்ட உடனே டிபன் பாக்ஸைக் கழுவினார் என்று யாரும் சாட்சி சொல்ல முடியாது. கையை ஜன்னல் திரையில்தான் துடைப்பார். பரோட்டாக் கடையில் மாஸ்டர் நெற்றி வியர்வையை வழித்த கையோடு மாவை வீசுவதை ரசித்துப் பார்த்து, இன்னும் இரண்டு போடச் சொல்லுவார். நான் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"கிருமி எல்லா எடத்துலயும் இருக்கத்தான் செய்யும் மாப்ள. வயித்துக்குள்ள போகட்டும், அது அதோட ஊரு. ரத்தக்குழாய்க்குள்ள மட்டும் அதுக்கு விசா கெடையாது."

இன்னொரு கோளாறும் இருந்தது. எங்கள் தொழிலில், டாக்டர் எழுதாததைக் கோடர் ஊகிக்கக் கூடாது. இருமல், காய்ச்சல், நுரையீரலில் சளி, நிமோனியாவுக்கான மருந்து என்று அத்தனையும் எழுதியிருந்தாலும், 'நிமோனியா' என்ற வார்த்தையை டாக்டர் எழுதாவிட்டால் நாமாக அந்த எண்ணைப் போடக் கூடாது. நாங்களெல்லாம் இந்த விதியை ஆபீஸ் வாசலில் செருப்பு மாதிரி விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அண்ணன் வீட்டுக்கும் மாட்டிக்கொண்டு போவார்.

சொட்டச் சொட்ட நனைந்து வந்தவனைப் பார்த்து "வெளிய மழையா?" என்று கேட்க மாட்டார். "நனைஞ்சிருக்க. காரணம் பதிவாகல," என்பார். ரேவதி என்று எங்கள் பிரிவில் ஒரு பெண். வயிறு மேசையில் இடிக்கும் நிலை வந்த பிறகு, பெண்களெல்லாம் சேர்ந்து கேன்டீனிலேயே வளைகாப்பு வைத்தார்கள். கலந்த சாதம் அத்தனை வகையும் வந்து இறங்கியது. அண்ணன் மட்டும் இடத்தை விட்டு எழவில்லை.

"ஏண்ணே வரல?"

"என்ன விசேசம்னு எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"ரேவதியப் பாத்தாத் தெரியலியா?"

"வயிறு பெருசா இருக்கு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். காரணத்த நானா எழுதிக்கக் கூடாது மாப்ள."

கடைசியில் ரேவதியே மூச்சு வாங்க நடந்து வந்து, அவர் மேசை முன்னால் நின்று, "அண்ணே, நான் மாசமா இருக்கேன்," என்று சொன்னாள். அண்ணன் முகம் மலர்ந்து, மேசை டிராயரைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கண்ணாடி வளையல். பொட்டலத்துக் காகிதம் பழுத்துப் போயிருந்தது. எப்போதோ வாங்கி, அவள் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

டாக்டர் எழுதியது விளங்காவிட்டால் அவருக்குக் கேள்வி அனுப்பலாம் என்றும் எங்கள் விதியில் இடம் உண்டு. ஆனால் பதிலை அவர் வாயில் ஊட்டக் கூடாது. எல்லாச் சாத்தியங்களையும் வரிசையாகக் கொடுத்து, கடைசியில் 'தீர்மானிக்க இயலவில்லை' என்று தப்பித்துப்போக ஒரு வாசலும் வைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரவையில் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அயிரைமீன் குழம்பு. அண்ணன் ஒரு வாய் வைத்தார். மனைவியை அழைத்தார்.

"செல்வி, இந்தக் கொழம்புல உப்பு. ஒண்ணு, போட்டாச்சு. ரெண்டு, போடல. மூணு, வேற எதுவும்னா வெவரமாச் சொல்லு. நாலு, தீர்மானிக்க முடியல."

செல்வி அக்கா உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் டொக்கென்று வைத்தார். "அஞ்சு, நீங்களே போட்டுக்கங்க," என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, பொண்ணு பாக்க வந்தப்பவும் இதே கூத்துதான். புடிச்சிருக்கானு ஒரு வார்த்தை கேக்கத் தெரியல. நாலு பதிலச் சொல்லி ஒண்ண எடுத்துக்கன்னாரு. நான் வெக்கத்துல மொதலாவதச் சொல்லித் தொலைச்சுட்டேன்."

ஆபீஸில் அண்ணன் இந்தக் கேள்விக் கலையை வைத்துச் செய்த கலவரம் ஒன்று உண்டு. ஒரு மதியம், எல்லாரும் சாப்பிட்ட கிறக்கத்தில் இருக்கும்போது, "கெடச்சிருச்சு மாப்ள," என்று ஒரு குரல் வந்தது. மாடி முழுக்க எழுந்து ஓடினோம். ஓர் அமெரிக்க இதயக் குறிப்பின் நடுவில், 'பொருள் தரையில் விழுந்தது, எடுத்து வைக்கப்பட்டது' என்று ஒரு வரி. எந்தப் பொருள் என்று இல்லை. அண்ணன் யாரையும் கேட்காமல் அந்த டாக்டருக்குக் கேள்வி அனுப்பிவிட்டார். விழுந்தது குழாயா, கையுறையா, கத்திரியா, மற்றவையா, தீர்மானிக்க இயலவில்லையா? எடுத்து எங்கே வைத்தீர்கள்? நோயாளிக்குள்ளா, வெளியிலா?

அந்த ஊரில் விடிந்ததும் பதில் வந்தது. விழுந்தது நோயாளியின் பல்செட். வைத்தது அவர் மகளின் கைப்பையில். அதற்குக் கீழே, உங்கள் நிறுவனத்தில் இந்த நபர் யார் என்று டாக்டர் கேட்டிருந்தார். எங்கள் டீம் லீடர் வயதில் சின்னவர். கையெடுத்துக் கும்பிடாத குறையாக அண்ணன் முன்னால் நின்றார்.

"அண்ணே, க்ளையன்ட் போயிட்டா நம்ம எல்லாரும் கீழ டைல்ஸ் கடைக்குத்தான் வேலைக்குப் போகணும். இனிமே அந்தப் புள்ளி அஞ்ச மறந்துருங்கண்ணே."

அன்றிலிருந்துதான் அந்தப் பெயர் அவருக்கு நிலைத்தது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. தயிர்சாதத்தில் வைத்த கை அப்படியே நின்றது. முகமெல்லாம் வியர்வை. எங்களுக்கெல்லாம் மாரடைப்புக்கான எண்தான் மனதில் ஓடியது. டீம் லீடர் காரை எடுக்க ஓடினார். நான் போனில் ஆஸ்பத்திரியைப் பிடித்து, "ஹார்ட் அட்டாக் கேஸ் ஒண்ணு கூட்டிட்டு வாரோம்," என்றேன். படியில் கைத்தாங்கலாக இறங்கிக்கொண்டிருந்த அண்ணன் நின்றுவிட்டார்.

"அட்டாக்னு சொல்லாத மாப்ள. டாக்டர் இன்னும் எழுதல. நெஞ்சுவலி, காரணம் குறிப்பிடப்படலன்னு சொல்லு."

"அண்ணே, பைய எறங்குங்க."

"மொதல்ல போன்ல திருத்திச் சொல்லு."

திருத்திச் சொன்னேன். சொல்லாவிட்டால் அந்தப் படியிலேயே உயிரை விட்டிருப்பார், காரணம் குறிப்பிடாமல்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். மறுபடியும் அங்கே போக வேண்டிவரலாம். மதுரையில் இருக்கிறது, பெரியதாக இருக்கிறது, லிப்டில் பாட்டு ஓடுகிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உடனே ஆஞ்சியோ செய்ய வேண்டும் என்றார்கள். மணிக்கட்டு வழியாக இதயத்துக்குக் குழாய் விட்டு, அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. ஆளை மயக்கமாட்டார்கள். குழாய் போகும் இடம் மட்டும் மரத்துப்போகும். நோயாளி முழு நினைவோடு மேலே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். மற்றவர்களுக்கு அது பயம். அண்ணனுக்கு, மீனாட்சி கல்யாணத்தை டிவியில் மட்டுமே பார்த்த ஆளை மணமேடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்த மாதிரி. இத்தனை வருடம் எழுத்தில் மட்டுமே படித்த அறைக்குள் அவரையே படுக்க வைத்துவிட்டார்கள்.

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. அண்ணன் சொன்னது. டாக்டருக்கு உதவியாக நின்ற டெக்னீசியன் பெண்ணும் பிற்பாடு ஆமென்று தலையாட்டினாள். போர்த்திய துணி எந்த உறையிலிருந்து வந்தது, தடவிய மருந்து காய்ந்ததா என்றெல்லாம் அண்ணன் படுத்தபடியே விசாரித்திருக்கிறார். "ஐயா, பேசாம இருங்க, இல்லாட்டி குழாய் வேற எங்கயாச்சும் போயிரும்," என்று டாக்டர் அதட்டியிருக்கிறார். அண்ணன் வாயை மூடினார். கண்ணை மூடவில்லை.

அப்போதுதான் டாக்டரின் மூக்குக்கண்ணாடி கொஞ்சம் கீழே நழுவியது. டாக்டர் கையுறை போட்ட விரலாலேயே அதைத் தூக்கி மேலே வைத்தார். வைத்த விரலோடு குழாயைப் பிடிக்கப் போனார். கிருமி நீக்கிய கை அந்தத் துணிக்கு வெளியே எதையும் தொடக் கூடாது. தொட்டால் கையுறையை மாற்ற வேண்டும். இது அரிச்சுவடி. அந்த டெக்னீசியன் பெண் மெல்லிய குரலில், "சார், க்ளவுஸ்," என்றாள். டாக்டர் காதில் விழாத மாதிரி இருந்தார். விழுந்தது என்பது அவர் புருவத்தில் தெரிந்ததாம்.

"சார், அந்தப் புள்ள சொல்லுதுல்ல, மாத்திட்டுத் தொடுங்க," என்றார் மேசையில் படுத்திருந்தவர்.

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கையுறையை மாற்றினார். அடைப்பு ஒன்று இருந்தது. ஸ்டென்ட் வைத்தார். கைத்திறமையில் குறை சொல்ல முடியாது. எல்லாம் நல்லபடியாக முடிந்து, மணிக்கட்டில் பட்டை கட்டி, தள்ளுவண்டியில் அண்ணனை வெளியே கொண்டுவந்தார்கள். கண்ணெல்லாம் தண்ணீர். என்னைக் குனியச் சொன்னார்.

"மாப்ள, பாத்துட்டேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. "யாரண்ணே, எமனையா?"

"புள்ளி அஞ்ச."

பரவையிலிருந்து பஸ் மாறி வந்து, வழியெல்லாம் அழுது, கண் வீங்கி நின்றிருந்த செல்வி அக்கா அந்த இடத்திலேயே கையை நெற்றியில் வைத்துக்கொண்டார்.

அன்று தொடங்கிய தொல்லை டிஸ்சார்ஜ் வரை ஓயவில்லை. வார்டில் அவர் பேசியதெல்லாம் அந்த மூக்குக்கண்ணாடியைப் பற்றித்தான். "நீங்கதான் கண்ணால பாத்தீங்கள்ல, நீங்களே எழுதி வச்சுக்கங்க," என்று அக்கா சொல்லிப் பார்த்தார்.

"நோயாளி சொல்றத வச்சுப் போட முடியாது செல்வி. டாக்டர் எழுதணும்."

"அண்ணே, உங்க பைலு நம்ம ஆபீசுக்கே வராது," என்றேன் நான்.

"வராட்டி என்ன? அவரு எழுதட்டும். எங்க இருந்தாலும் நான் மனசுல போட்டுக்கிருவேன்."

அந்த டெக்னீசியன் பெண்ணும் அவர் மணிக்கட்டைப் பார்க்க ஓரிரு தடவை வந்து போனாள். பெயர் தனம். ஒரு ஆள் உள்ளே வந்து வெளியே போவதற்குள் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிடும் வல்லமை செல்வி அக்காவுக்கு உண்டு. தனத்துக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் ஊர். அப்பா அம்மா இன்னமும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறார்கள். அந்த வீட்டில் முதன்முதலாக ஏசிக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பது இவள்தான். தம்பி காலேஜில் படிப்பது இவளை நம்பித்தான். அண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, கேள்வியை எப்படி எழுதினால் டாக்டர் வாயில் ஊட்டியதாக ஆகாது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

டிஸ்சார்ஜ் நாளும் வந்தது. பில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கட்டிலுக்கு இன்னொரு நோயாளி காத்திருக்கிறார். நர்ஸ் வந்து எழச் சொன்னார். அண்ணன் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

"டாக்டர் ஒரு வரி எழுதணும். எழுதாம எந்திரிக்க மாட்டேன்."

"ஒரு வரி எழுதாட்டி உங்களுக்கு நெஞ்சு துடிக்காதா?" என்றார் அக்கா. "பக்கத்து வார்டுல ஒருத்தரு ஸ்டெரச்சர்ல கெடக்காரு. எந்திரிங்க, மானம் போகுது."

நர்ஸ் சொல்லிப் பார்த்தார். மேனேஜர் என்று டை கட்டிய ஒருவர் வந்து ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். அண்ணன் அசையவில்லை. எனக்கு அவரைப் போர்வையோடு சுருட்டி லிப்டில் போட்டுவிடலாமா என்று இருந்தது. கடைசியில் டாக்டரே வந்தார். பின்னால் மேனேஜர், அவருக்குப் பின்னால் கையில் தட்டோடு தனம்.

"என்னய்யா பிரச்சினை?"

"பிரச்சினை இல்ல சார். அன்னைக்கு நீங்க கண்ணாடியத் தொட்டீங்க, அப்பறம் க்ளவுஸ மாத்துனீங்க. அத டிஸ்சார்ஜ் பேப்பர்ல எழுதிட்டீங்கன்னாப் போயிருவேன்."

"நான் எதுக்கு அத எழுதணும்? நாளைக்கு நீங்க எம்மேல கேஸ் போடவா?"

"கேஸெல்லாம் இல்ல சார். கோடு போடணும்."

டாக்டருக்கு இது விளங்கவில்லை. மேனேஜர் அவர் காதில் ஏதோ சொன்னார். கோடர் என்று சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. புத்திசாலி மனிதர். அதுதான் வினை.

"சரி. எழுதுறேன்," என்றார். "கிருமி நீக்கும் ஒழுங்குல தவறு நடந்துச்சு, உடனே சரி பண்ணியாச்சுன்னு எழுதுறேன். ஆனா நடந்தது உதவியாளரோட கவனக்குறைவு. அதையும் சேத்துத்தான் எழுதுவேன்." திரும்பிக்கூடப் பார்க்காமல் மேனேஜரிடம் சொன்னார். "அந்தப் பொண்ண நாளைலருந்து வர வேணாம்னு சொல்லிருங்க. எழுத்துல வந்தப்பறம் வச்சுக்க முடியாது."

தனம் கையில் இருந்த தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு டாக்டரைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் இருந்தது. சொன்னால் வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை இருக்காது.

எனக்கு ரத்தம் கொதித்தது. அதைவிட அண்ணனை நினைத்துப் பயமாக இருந்தது. எங்கள் தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த நிமிடத்தின் கொடுமை தெரியும். புள்ளி ஐந்துக்குத் தவறு நடந்ததா என்பது மட்டும்தான் கணக்கு. யார் செய்தது என்று அந்த எண் கேட்பதே இல்லை. டாக்டர் தனத்தின் பெயரைப் போட்டு எழுதினாலும் எண் அதேதான். பல வருடமாகக் காத்திருந்தது, டாக்டரின் சொந்தக் கையெழுத்தில், அண்ணனின் மடியில் வந்து விழப்போகிறது. டாக்டர் எழுதியதை எடுத்துக்கொள்வது, எழுதாததை ஊகிக்காமல் விடுவது. இதுதானே அவருடைய மதம்?

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். அண்ணன் அந்தப் பேனாவையே பார்த்தார். பிறகு போர்வையை விலக்கிவிட்டுக் காலைக் கீழே போட்டார்.

"வேணாம் சார்."

"ஏன்? எழுதச் சொன்னீங்கள்ல?"

"அன்னைக்கு எனக்கு மயக்கமா இருந்துச்சு சார். நான் ஒண்ணும் பாக்கல."

அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், அவர் மயங்கவில்லை என்று. மயங்கியிருந்தால் அன்று ஆஸ்பத்திரியே நிம்மதியாக இருந்திருக்கும். ஊகத்துக்குக்கூட இடம் கொடுக்காத மனிதர், அறிந்து பொய் சொன்னதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். கூச்சத்தில் காதெல்லாம் சிவந்திருந்தது.

டாக்டர் சிரித்தபடி பேனாவை மூடினார். "அப்பிடி வாங்க. அந்த நேரத்துல பயத்துல சில பேருக்குக் கனவு மாதிரி தெரியும். கனவு கண்டிருப்பீங்க."

"ஆமா சார், கனவுதான்," என்றார் அண்ணன், செருப்பைக் காலால் தேடிக்கொண்டே. "கனவுலயும் கண்ணாடியத் தொட்டது நீங்கதான் சார்."

டாக்டரின் கை தானாகவே மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யக் கிளம்பியது. பாதி வழியில் நின்றது. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் தலையைக் கோதிவிட்டுக்கொண்டு இறங்கியது. அப்படியே வெளியே போனார். மேனேஜரும் பின்னால் போனார். படித்தவர்கள் கூட்டமாக ஒரு அறையை விட்டு அவ்வளவு வேகமாக வெளியேறி நான் பார்த்ததில்லை.

நாங்கள் லிப்டுக்குக் காத்திருந்தபோது தனம் ஓடி வந்தாள். ஏதோ சொல்ல வந்தவளுக்கு அழுகைதான் வந்தது. அண்ணனுக்கு அழுகிற பெண்களிடம் என்ன பேசுவதென்று தெரியாது. அதனால் திட்டினார்.

"அன்னைக்கு ஏன் அம்புட்டு மெதுவாச் சொன்ன? எனக்கே அரைகுறையாத்தான் கேட்டுச்சு."

"சத்தமாச் சொன்னா வேலை போயிருமேண்ணே."

"மெதுவாச் சொன்னதுக்கும்தான் போகப் பாத்துச்சு. இனிமே சத்தமாவே சொல்லு."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். செல்வி அக்கா அவள் முகத்தை முந்தானையால் துடைத்தார். கூடவே, அவள் கல்யாணத்துக்கு நல்ல இடமாகப் பார்த்து வைத்திருப்பதாக ஏதோ தொடங்கினார். அதற்குள் லிப்ட் வந்துவிட்டது.

டீம் லீடர் காரை ஓட்டினார். அக்கா முன்சீட்டில். அண்ணனும் நானும் பின்னால். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டைத் தாண்டினோம். அண்ணன் வெளியே ஓடிய கடைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கெடச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்ல மாப்ள," என்றார்.

"ஆமாண்ணே."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, சட்டைக் கையால் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மருந்து அசத்தியதோ என்னவோ, அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தலையில் வழிந்த எண்ணெய் என் வெள்ளைச் சட்டையில் வட்டமாகப் பரவியது. மனிதர் குறட்டையும் விட்டார்.

நாங்கள் ஒரு மாடிக் கூட்டமே சேர்ந்து இவரைக் கிண்டல் செய்திருக்கிறோம். அதில் பாதி நான் செய்தது. சாப்பிட, டீ குடிக்க என்று எங்கே போனாலும் இவர் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தவனும் நான்தான். கிண்டல் செய்ய வசதியாக இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "தோள் வலிக்கும் தம்பி, எழுப்பி விட்ருங்க."

"வலிக்கலக்கா," என்றேன். நன்றாகவே வலித்தது. பரவை வந்து, கார் அவர் வீட்டு வாசலில் நின்ற பிறகும், எனக்கு அவரை எழுப்ப மனம் வரவில்லை.